மேல்மாடிக் கூடம்

காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி காசிநாதனின் பாட்டனார் கட்டிய மாளிகை, நான்கு வருஷத் திருத்த வேலைக்குப் பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. இனி அங்கே கச்சேரியும் நடனமும் கண்காட்சியும் நடக்கும். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மேலாளர் துளசி. வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாளே தவிர, அவளுக்குக் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஒரு மாதத்துக்கு முன்பு தச்சர் பழனி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மேல்மாடிக் கூடத்தைத் தாங்கும் உத்தரத்தில் உளியைக் குத்திக் காட்டியிருந்தார். சுவரை ஒட்டிய முனையில் அது ஈரமண்ணில் இறங்குவதுபோல இறங்கியது. கரையான். மாற்ற மூன்று வாரம் வேண்டும் என்றார். துளசி காசிநாதனிடம் போய்ச் சொன்னாள். அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, அறுபது பேருக்கு மேல் ஏற்றாவிட்டால் போதும் என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். உத்தரத்துக்குப் பழனி முட்டுக்கொடுத்திருந்த இரும்புக் கம்பத்தையும், படம் எடுத்தால் அசிங்கமாக இருக்கும் என்று திறப்புக்கு முந்தின நாள் கழற்றச் சொன்னார். துளசி எதிர்த்துப் பேசவில்லை.

பதினோரு மணிக்கு மேலே இருநூறு பேர் இருந்தார்கள். தவில் அதிர்ந்தது. கீழே நேர் அடியில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒருவருடைய இலையில் சோற்றின் மேல் சுண்ணாம்புத் தூள் உதிர்வதைத் துளசி பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தபோது, உத்தரத்தின் முனை சுவரை விட்டு ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.

பழனியும் அதைப் பார்த்துவிட்டார். "கத்திடாதம்மா. இருக்கிறது ஒரே மாடிப்படி. எல்லாம் ஒண்ணா ஓடினா அந்த அதிர்வுலயே உத்தரம் ஒடைஞ்சிடும்" என்றார்.

பந்தியில் இருந்தவர்களை எழுப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும்படி அவரிடம் சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள். சுவரை ஒட்டியே மேடைக்குப் போய், தவிலை நிறுத்தச் சொல்லி, மைக்கை வாங்கினாள். தோட்டத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கப்போகிறோம், படிப்பக்கம் இருக்கிறவர்கள் முதலில், வரிசை வரிசையாகச் சுவரோரமாகவே இறங்குங்கள் என்றாள். குரல் நடுங்கவில்லை. அது எப்படி என்று அவளுக்கே விளங்கவில்லை.

கச்சேரி நடுவில் என்ன போட்டோ என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். காசிநாதன் கோபமாக வந்தார்.

"உத்தரம் இறங்கிக்கினு இருக்குது சார். ஓரமா நடங்க" என்றாள், அவர் காதில் மட்டும்.

அவர் முகம் வெளுத்தது. வரிசையை முந்திக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போனார்.

ஐம்பது பேர், நூறு பேர் என்று இறங்கினார்கள். அரை மணி நேரம் ஆனதுபோல இருந்தது. உண்மையில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசியில் அன்னம்மாள் என்ற மூதாட்டி மட்டும் கைத்தடியை ஊன்றி மெதுவாக வந்தார். துளசி அவர் தோளைப் பிடித்து நடத்தினாள். தரை லேசாக அமிழ்வதைப் பாதத்தில் உணர்ந்தாள். விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிடியை இறுக்கிக்கொண்டாள்.

அவர்கள் முற்றத்தைத் தாண்டும்போது பின்னால் லாரியிலிருந்து மரம் கொட்டினாற்போல ஒரு சத்தம். ஜன்னல்கள் வழியாகப் புழுதி வெளியே பீறிட்டது. மேல்மாடிக் கூடத்தின் தரை, பந்தி நடந்த இடத்தில் அப்படியே இடிந்து விழுந்திருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

தீயணைப்பு அதிகாரி விசாரிக்க வந்தபோது காசிநாதன் அவளை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"கரையான் இருந்தது யாருக்குமே தெரியாதுன்னு சொல்லிடும்மா. இல்லாட்டி உன் தலையும்தான் உருளும்."

தலை உருளும் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. தெரிந்தும்தானே அவள் இருநூறு பேரை மேலே ஏற விட்டாள்? ஆடும் தரையில் நின்றபோது இருந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தாள். வேலை போகும், வழக்கு வரும், பேப்பரில் பேர் வரும்.

அதிகாரி அவளிடம் கேட்டார்.

"எனக்கு ஒரு மாசமாத் தெரியும் சார். இவருகிட்டயும் சொன்னேன். அதுக்கப்புறம் சும்மா இருந்துட்டேன்" என்றாள்.

அதிகாரி அதுவரை எழுதியிருந்த தாளைத் திருப்பி முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். பழனி எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவள் பின்னால் போட்டார்.