பாதியில் வாங்கிய மைக்

வாடகைக்குக் குடியிருப்பவர்களைத் திரட்டும் ஒரு சங்கத்தில் கார்வின் மேபரிக்கு வேலை கொடுத்தவர்கள் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்ன விதி ஒன்று உண்டு: மைக்கைத் தொடாதே. ஆட்களைத் திரட்டு, பேசப் பழக்கு, கூட்டம் தொடங்கியதும் கடைசி வரிசையில் போய் உட்கார். குடியிருப்பவர்கள்தான் பேச வேண்டும்; திரட்டியவனுக்கு அங்கே வாயே கிடையாது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் கார்வின் இதை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்து வந்தான். நாக்கு மட்டும் துறுதுறுவென்று இருந்தது.

அந்த நவம்பரில் ஒரு பழைய குடியிருப்பில் வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் பாய்லர் செத்துப்போயிருந்தது. எந்த மாடியிலும் சூடு கிடையாது. கட்டடத்தை நடத்திய கம்பெனியின் மேனேஜர் பிரெஸ்காட், சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்துக்கு வந்து பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்குள் புது பாய்லர் போடுவீர்களா, மாட்டீர்களா? கேட்க வேண்டியது அவ்வளவுதான். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். கத்தலைத் தாங்குகிற பெரிய மனிதர்களால் மௌனத்தைத் தாங்க முடியாது. சபையில் ஒரு தடவை 'சரி' என்று வாயிலிருந்து விழுந்துவிட்டால் போதும், பிறகு குடியிருப்பவர்கள் விடமாட்டார்கள்.

கேட்கப்போவது அங்கே குடியிருந்த வெர்னெட் டிலார்ட். ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலை, மூன்று பிள்ளைகள். பாடகர் குழுவில் பாடுவாளே தவிர, நாலு பேர் முன்னால் பேசியதில்லை. அவள் சமையலறையிலேயே கார்வின் மேனேஜராக நடித்துப் பழக்கினான்.

"பட்ஜெட் இடம் குடுக்கணுமில்லம்மா..." என்று இழுப்பான்.

"பட்ஜெட்டக் கேக்கல சார். போடுவீங்களா, மாட்டீங்களா?"

"அவ்ளோதான்க்கா. இப்ப சும்மா நில்லுங்க."

"நிக்கிறேன்டா தம்பி. உன் மூஞ்சியப் பாத்தா சிரிப்புல்ல வருது!"

கூட்டத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. டிவிக்காரர்கள் கேமராவோடு வந்துவிட்டார்கள். சுவரோரமாக லூத்தர் கேஸ் நின்றிருந்தார். அந்த வார்டில் தேர்தலுக்கு யார் நிற்பது, யார் உட்காருவது என்று தீர்மானிக்கிற கட்சிக்காரர். நகரசபையில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று ஊருக்கே தெரியும். கார்வினுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

வெர்னெட் கேட்டாள். பிரெஸ்காட் பட்ஜெட் என்றார், மேலிடம் என்றார். அவள் மறுபடி அதையே கேட்டுவிட்டு நின்றாள். கூடத்தில் யாரும் இருமக்கூட இல்லை. பிரெஸ்காட் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். 'சரி' அவர் தொண்டைவரை வந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்தே கார்வினுக்கு அது தெரிந்தது. கூடவே கேமராவும் தெரிந்தது. கேஸ் தொப்பியை எடுத்துக் கிளம்பத் தயாராவதும் தெரிந்தது.

எழுந்து முன்னால் போனான்.

"கொஞ்சம் குடுங்கக்கா."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு மைக்கைக் கொடுத்துவிட்டாள்.

பிரமாதமாகப் பேசினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். குளிரில் நடுங்கும் குழந்தைகள், மனித மரியாதை, நியாயம் என்று பொரிந்து தள்ளினான். கூடம் எழுந்து கை தட்டியது. முதலில் எழுந்து தட்டியவர் பிரெஸ்காட்தான்.

"இந்தத் தம்பி சொல்றது ரொம்ப நியாயம்! இவரோட ஒரு கமிட்டி போட்டுப் பேசிடுவோம்" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள், அந்த 'சரி'யைச் சொல்லாமலே கோட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

"நல்லாப் பேசினே" என்றாள் வெர்னெட். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கார்வினுக்கு.

டிவியில் அவன் முகம் வந்தது. கேஸ் கூப்பிட்டனுப்பினார்.

"வாய் இருக்குடா உனக்கு. எலெக்‌ஷன்ல நில்லு, நான் பாத்துக்கறேன். ஆனா முதல் கூட்டத்துல அந்தப் பொம்பளைய மேடையேத்தணும். அவ உன்னப் பத்தி நாலு வார்த்தை சொன்னா ஜனம் அழுதுடும்."

மானமுள்ளவன் மாட்டேன் என்றிருப்பான். கார்வின் தலையாட்டினான்.

ஜனவரிக் குளிரில் அவள் வீட்டுக்குப் போனான். கமிட்டி ஒரே ஒரு தடவை கூடி, காபி குடித்துக் கலைந்திருந்தது. அவள் வீட்டில் சூட்டுக்காகச் சமையல் ஓவனின் கதவைத் திறந்துபோட்டு எரியவிட்டிருந்தார்கள். அதன் முன்னால் பிள்ளைகள் கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கார்வினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை, வந்த விஷயத்தைச் சொல்லித்தான் முடித்தான்.

"நான் பேசணுமா?" என்றாள் வெர்னெட்.

"ஆமாக்கா. நாலு வார்த்தை."

"முடிக்கிற வரைக்கும் விடுவியா?"

கார்வின் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

அவளே பிறகு கேட்டாள்: "கூட்டம் நடக்கிற ஹால்ல ஹீட்டர் ஓடுமா?"

"ஓடும்க்கா."

"அப்ப வர்றேன். இதுங்களையும் கூட்டிட்டு வரலாமா? கொஞ்ச நேரம் கோட்டக் கழட்டிட்டு உக்காரட்டும்."

"வரலாம்க்கா" என்றான் கார்வின், அவள் முகத்தைப் பார்க்காமல்.