உட்கார்ந்தால் எதிர் ஓட்டு

பிரிட்டிஷ் மக்களவைத் தலைவர் வாக்கெடுப்புக்கு உத்தரவிட்ட அதே நேரத்தில், கர்னல் ஆம்ப்ரோஸ் டிரெவெலின் ஊன்றுகோல்கள் இரண்டையும் அவருடைய அண்ணன் அகஸ்டஸ் சிரித்துக்கொண்டே பின்வரிசைக்குக் கைமாற்றிவிட்டான்.

"பேசாம உக்காந்திரு தம்பி. நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அங்கே பெரிய காரியம். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து வெளிக்கூடத்துக்குப் போக வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எதிர்ப்பவர்கள் கணக்கு. குடித்துவிட்டுக் குறட்டை விடும் கனவானுக்கும் அதே கணக்குதான். ஸ்பெயின் போரில் ஒரு காலைப் பறிகொடுத்த கர்னலுக்கு மட்டும் தனிச் சலுகையா கிடைக்கப்போகிறது?

படையில் கசையடியை ஒழிக்க வேண்டும் என்பது தீர்மானம். கர்னலுக்கு அது வெறும் தீர்மானம் இல்லை. கால் சிதறிக் கிடந்தவரை முதுகில் சுமந்துவந்து காப்பாற்றியவன் ஜோப் பெல்லமி என்ற சிப்பாய். ஒரு நாள் குடித்துவிட்டு அணிவகுப்புக்கு வராமல் போனதற்காக அவனைக் கட்டிவைத்து அடித்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனான். கர்னல் அப்போது லண்டனில் படுக்கையில் கிடந்தார்.

"கோலைக் குடு, அண்ணா."

"அப்பா ஊர்ல, அப்பா குத்தகைக்காரங்க போட்ட ஓட்டுலதான் இங்க வந்து உக்காந்திருக்கே. அவர் இதை எதிர்க்கச் சொல்லியிருக்கார், ஞாபகம் இருக்கட்டும்."

கர்னல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்வரிசை பெஞ்சின் முதுகைப் பிடித்து எழுந்தார். நொண்டியடித்து நாலு தாவு தாவினார். பெஞ்சு முடிந்தது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் தடாலென்று விழுந்தார்.

"பிரபு வீட்டுக் குதிரை இடறிடுச்சுப்பா!" என்று யாரோ கத்த, சபையே கொல்லென்று சிரித்தது.

தீர்மானத்தைக் கொண்டுவந்த ஹெப்டன் வாசலுக்கு அப்பால் நின்றிருந்தார். ஆலை நடத்தும் மனிதர், இளகின மனசு. பதறிப்போய் உள்ளே காலை வைக்கப் பார்த்தார். வாயில் காவலர் கையை நீட்டி மறித்தார். "உள்ள போனா திரும்ப வர முடியாதுங்க. உங்களையும் எதிர்ப்புலதான் எண்ணுவாங்க."

"வராதீங்க ஹெப்டன்!" என்று தரையிலிருந்து கர்னல் கத்தினார். "கதவை மட்டும் சாத்த விடாதீங்க!"

அப்புறம் தவழ்ந்தார். டிரெவெல் வம்சத்தில் அரசனுக்கு முன்னால்கூட யாரும் அவ்வளவு குனிந்தது கிடையாது. வெட்டுண்ட கால் கல் தரையில் உரசி உயிர் போகிற மாதிரி வலித்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. சிலர் கூரையைப் பார்த்தார்கள். அகஸ்டஸ் முகத்தில் ஈயாடவில்லை. கர்னல் பல்லைக் கடித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி விழுந்தார். பின்னால் கதவு சாத்தப்பட்டது.

தீர்மானம் படுதோல்வி அடைந்தது. வெளியே போனவர்களை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம்.

வாக்கெடுப்பு முடிந்ததும் அகஸ்டஸ் ஊன்றுகோல்களோடு வந்தான். "என்னத்தைக் கிழிச்சே? சரி, நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடு. இடம் குடுத்தவர் பேச்சை மீறினா விலகிடறதுதான் கனவானுக்கு அழகு. அப்பாவால உன்னைப் பதவியிலேருந்து எடுக்க முடியாதுதான். ஆனா உனக்குன்னு ஒரு கௌரவம் இருக்கில்ல?"

கர்னல் கோல்களை வாங்கிக் கக்கத்தில் ஊன்றிக்கொண்டார். கால்சட்டையில் ரத்தம் கசிந்திருந்தது. கௌரவத்துக்காக இரண்டு முறை துப்பாக்கிச் சண்டைக்கு நின்றவர் அவர். அதை விடுவது காலை விட்டதைவிட வலித்தது.

"இடத்தைத் தரும்போது வாங்கிக்கிட்டேன். இப்ப திருப்பித் தர மாட்டேன்."

"நம்ம ஆளுங்க யாரும் இனி உன் முகத்துல முழிக்க மாட்டாங்கடா!"

"முழிக்க வேண்டாம்." அவர் ஹெப்டன் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் இதே தீர்மானத்தை நான் கொண்டுவரேன். வழிமொழிய நீங்க இருப்பீங்கல்ல?"