பௌஸ்தினா காற்றைப் பங்கு வைத்தாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் ஒரு பன்னிரண்டடித் தகரம். அதைப் பிடித்து ஆட்டியவன் நான். ஆட்டச் சொன்னவர் நெலிடா டீச்சர். ஆகவே பழியில் பாதி அவர் தலையில்.

டீச்சருக்கு ஒரு பழைய சோக நாடகத்தின் மேல் பைத்தியம். அதில் ஒரு கிழட்டு அரசன், உயிரோடு இருக்கும்போதே நாட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாசல்களில் மாறி மாறி ஏறி இறங்கி, கடைசியில் புயலில் நின்று கத்துவான். அதை லிமா நகரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் மணல்மேட்டுக் குடியிருப்புக்கு ஏற்றபடி டீச்சர் மாற்றி எழுதினார். அரசனுக்குப் பதில் ஒரு தாய். நாட்டுக்குப் பதில் காற்று.

பின்னே, எங்களில் யாரிடம் நாடு இருக்கிறது? தரையில் ஒரு வீடு கட்டுகிறோம். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் கூரைக்கு மேலே வெறுமனே கிடக்கும் காற்றை எழுதிக் கொடுக்கிறோம். அதில் அவன் ஒரு மாடி கட்டிக்கொள்கிறான். அதற்கும் மேலே உள்ள காற்று அடுத்த பிள்ளைக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பௌஸ்தினாவின் கண்களில் ஒரு மகாராணியின் சோகம்..."

வேண்டாம். பௌஸ்தினாவின் கண்களில் இருந்தது புரை. வயது எழுபத்தொன்று. சந்தையில் முப்பது வருடம் உருளைக்கிழங்கு விற்ற குரல். நடிக்கத் தெரியாது, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கும். டீச்சர் அவரைத் தாய் வேஷத்துக்குப் பிடித்துப் போட்டது அதனால்தான்.

இரண்டாவது முயற்சி: அந்த அம்மா ஏன் ஒத்துக்கொண்டார் என்பதிலிருந்து. இது தேவலை.

முதல் மாடிக் காற்றை மகன் பெர்சிக்கும், இரண்டாம் மாடிக் காற்றை மகள் யோவானாவுக்கும் கொடுத்தவர் பௌஸ்தினா. தரைத்தளத்தில் பெர்சி சிமெண்ட் கடை போட்டதும், அவரும் கணவர் இலாரியோவும் மொட்டைமாடிக்குப் போனார்கள். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, நாய், பலகை அடித்த ஓர் அறை. இலாரியோவின் முழங்கால்* போய் எட்டு மாதம். எட்டு மாதமாக அவர் பாதம் தெருவில் படவில்லை.

[* டாக்டர் சொன்ன பெயர் மறந்துவிட்டது. இலாரியோ அதைத் 'துரு' என்பார்.]

கணவரைக் கீழே கொண்டுவர வேண்டும். பௌஸ்தினாவுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒரு தடவை மகனிடம் கேட்டும் பார்த்தார்.

"கடைக்குப் பின்னாடி ஒரு கட்டில் போடுற எடம் போதும்டா."

"என்னம்மா பேசுற? சிமெண்ட் மூட்டைய மாடியிலயா ஏத்த முடியும்?"

"உங்கப்பாவ மட்டும் ஏத்தலாமாக்கும்?"

"அவரு நடந்துதானம்மா ஏறினாரு!"

(பெர்சி கெட்டவனா? இந்த இடத்தில் மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு தவறாமல் தணலில் சுட்ட கோழி வாங்கி, மூன்று மாடி ஏறிப் போய், அப்பாவுக்கு எலும்பு பிரித்துக் கொடுக்கிறவன். கெட்டவனாக எழுத வரவில்லை. நல்லவன் என்று எழுதலாமென்றால்...)

அதனால் பௌஸ்தினா மேடையில் கேட்பது என்று முடிவு செய்தார். நூறு பேர் நடுவில், மகன் முன்வரிசையில் இருக்கும்போது. புயல் காட்சியில் டீச்சர் எழுதாத ஒரு வசனத்தை நுழைக்கப்போவதாக என்னிடம் மட்டும் சொன்னார்.

"டீச்சர் கத்துவாங்களேம்மா."

"கத்தட்டும் தம்பி. இந்த வயசுல என்னைய பரிட்சையில பெயிலாக்கிடுவாங்களா?"

3

லிமாவில் மழை பெய்யாது, தூறும். இடி கிடையாது. பெர்சியைப் போல இங்கேயே பிறந்தவர்கள் இடியை டிவியில்தான் கேட்டிருக்கிறார்கள். ஒத்திகையில் எண்ணெய் டின்னைத் தட்டிச் சமாளித்தோம். அன்று காலை டீச்சருக்குத் திடீரென்று அது போதவில்லை. தகரம் வந்தது.

ஜூலை ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. பொதுக்கூடம் நிறைந்திருந்தது. பௌஸ்தினா போர்வையை உதறிவிட்டு முன்னால் வந்தார். மகனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் திரைக்குப் பின்னால் தகரத்தை ஆட்டினேன். பலகை மேடை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன.

"ஆடுது! பூமி ஆடுது!"

எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தமே கிடையாது. நூறு பேரும் கதவைப் பார்த்து ஓடினார்கள். பெர்சி மட்டும் மேடையில் தாவி ஏறினான். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நிலநடுக்கம் வந்தால் கூடி நிற்கவென்று நடுத்தெருவில் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் நிறுத்தினான்.

பௌஸ்தினாவுக்கு அது தகரம் என்று தெரியும். "இடிடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. (இங்கே அவர் மனதில் என்னென்ன ஓடியது என்று ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். எனக்கெப்படித் தெரியும்?) அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"அப்பா மேல இருக்காருடா."

பெர்சி எதிரே இருந்த தன் வீட்டை அண்ணாந்து பார்த்தான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஓடினான். ஆடுகிற வீட்டுக்குள் போகிறோம் என்று நம்பித்தான் போனான். இதை யார் முன்னாலும் அடித்துச் சொல்வேன்.

4

மூன்று மாடி இறங்கி, அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு அவன் தெருவுக்கு வந்தபோது நான் கையில் தகரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. தூறலில் நனைகிறாரே என்று அப்பாவைக் கடைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தான். அதற்குப் பிறகுதான் திரும்பினான்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"சொல்லிருக்கலாம்ல? எனக்கு உசுரே போச்சு."

"எனக்கு எட்டு மாசமா தெனமும் போகுதுடா."

இலாரியோ இரண்டு பாதங்களையும் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"மூட்டையெல்லாம் கூடியிருக்கே, யாவாரம் பரவாயில்லபோல. கொஞ்ச நேரம் தெருவப் பாத்துட்டுப் போறேன்டா. ஒனக்கு அவசரமில்லேன்னா."



பெர்சிக்கு ஒரு பக்கம் அப்பாவின் நாற்காலி. இன்னொரு பக்கம் சிமெண்ட் மூட்டைகள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான்.

5

முடிவு அ: அப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே...

முடிவு ஆ: முதல் மூட்டையைத் தூக்கி வெளியே...

இரண்டையும் முழுதாக எழுதி பௌஸ்தினாவிடம் படித்துக் காட்டினேன். எங்கே உட்கார்ந்து படித்தேன் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் விஷயம் தெரிந்துவிடும்.

"ரெண்டையும் கிழிச்சுப் போடு தம்பி."

"நடந்தது நடந்ததுதானம்மா? எல்லாரும்தான் பாத்தோம்."

"அன்னிக்கு நடந்ததத்தான் பாத்தீங்க. நல்லவன்னு எழுதினா, அது போதும்னு இருந்துருவான். கெட்டவன்னு எழுதினா, அதான் எழுதியே வச்சுட்டாங்களேன்னு விட்டுருவான். அவன் இதப் படிப்பான்ல?"

"படிப்பான்."

"அப்ப, குனிஞ்சான்னு மட்டும் எழுது."

எழுதிவிட்டேன், பெர்சி. உன் அப்பா இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.