மகேசண்ணை வீட்டு பொயிலர்

நியூசிலாந்தின் ஓக்லண்டில் வீட்டைச் சூடாக்க வேண்டுமென்றால் எல்லோரும் சுவரில் ஒரு ஹீட் பம்ப்பை மாட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். மவுண்ட் ரோஸ்கில்லில் மகேசன் வாங்கிய வீட்டைக் கட்டியவரோ ஓர் ஆங்கிலேயர். ஊர் ஞாபகம் தீராத மனுசன் போலும், கராஜில் கேஸ் பொயிலரும் அறைக்கு அறை சுடுநீர் ஓடும் ரேடியேட்டரும் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதையெல்லாம் திருத்தத் தெரிந்தவர்களை நகரம் முழுக்க விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருவன் கேதீஸ்வரன். லண்டனில் பதினாறு வருடம் இதே வேலை பார்த்தவன்.

மனைவி பிரிந்து போனபின் இரண்டு வருடத்துக்கு முன்னர் இங்கே வந்தான். கிளென் ஈடனில் ஓரறை ஃபிளாட். போன் அடித்தால் யாராவது குளிர்கிறது என்று முறையிடுவார்கள், அவ்வளவுதான். சில கிழமைகளில் அவன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்கூட வந்திருக்காது. தனிமை பழகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். பழகவில்லை.

இங்கே மாரிக்குளிர் தொடங்கும் ஜூனில் மகேசன் முதல்முதலாகக் கூப்பிட்டார். "தம்பி, பொயிலர் முள்ளு இறங்கிப்போச்சு. வீடெல்லாம் குளிருது."

ஒன்றரையில் நிற்க வேண்டிய அழுத்தமானியின் முள் பூச்சியத்தில் கிடந்தது. கேதீஸ்வரன் தண்ணீர் விட்டு ஒன்றரைக்கு ஏற்றி, பொயிலரைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருந்தான். வீடு சூடாக ஆக முள் மூன்றுக்கு ஓடியது. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த செப்புக்குழாயில் தண்ணீர் சொட்டியது. பொயிலருக்குப் பக்கத்திலிருந்த சிவப்புத் தாங்கியின் வால்வை அமத்திப் பார்த்தான். காற்று வரவில்லை. விசயம் அவ்வளவுதான். சூடாகும் தண்ணீர் விரிவதற்கு அந்தத் தாங்கியில் காற்று இருக்க வேண்டும். காற்று போய்விட்டதால் தண்ணீர் வெளியே பாய்கிறது, ஆறியதும் முள் விழுகிறது. தாங்கிக்குக் காற்றடித்தால் சரி. அரைமணி வேலை.

பம்ப்பை எடுக்க, வாசலில் நிறுத்தியிருந்த தன் வானுக்குக் கிளம்பியவனை மகேசன் மறித்தார். "முதல்ல வந்து சாப்பிடும். பொயிலர் எங்கையும் ஓடாது."

புட்டும் மீன்குழம்பும். மகேசன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து நாலு வருடம். ரோட்டிலே தான் கண்ட கூத்துகளையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கேதீஸ்வரனும் சிரித்தான். தன் சிரிப்பைக் கேட்க அவனுக்கே புதினமாக இருந்தது. இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை.

எழும்பும்போது, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒன்றைச் சொன்னான். "எங்கயோ கொங்கிறீட் தரைக்குக் கீழ கசியுது போல, அண்ணை. இப்போதைக்குத் தண்ணி விட்டிருக்கிறன். இறங்கினால் சொல்லுங்கோ, வாறன்."

முள் இறங்கத்தானே செய்யும். மூன்று கிழமைக்கு ஒருக்கால் கூப்பிட்டார், இவன் ஓடினான். தண்ணீர் விடுவது ஐந்து நிமிடம், கதைப்பது அரைநாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையும் அவர் வீட்டிலேயே சாப்பிட்டான். மழைக்கு வானம் பார்க்கும் கமக்காரன்போல, அந்த முள் எப்போது விழும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனம் குறுகுறுக்காமல் இல்லை. ஆனால் ஃபிளாட்டுக் கதவைத் திறந்து இருட்டுக்குள் கால் வைத்தால் அந்தக் குறுகுறுப்பு போய்விடும்.

ஓகஸ்டில் நாலாவது தடவை போனபோது மண்டபம் நிறைய அட்டைப்பெட்டிகள்.

"வீட்டை வித்துப்போட்டன், கேதீஸ். நேற்றுக் கையெழுத்து வைச்சாச்சு. கிறைஸ்ட்சேர்ச்சில மகள் பிரணவியோட போய் இருக்கப்போறன்."

"ஏன் அண்ணை, திடீரெண்டு?"

"தரைக்குக் கீழ தண்ணி ஓடுற வீட்டில நீங்கள் தனிய இருக்கப்பிடாது எண்டு மகள் ஒரே பிடி. வேற கொம்பனியைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னவள். நான் மறுத்திட்டன். எங்கட ஆள் பார்த்துச் சொன்ன பிறகு இன்னொருத்தனைக் கூப்பிட்டு வைச்சால், அது உம்மட முகத்தில அடிச்ச மாதிரி."

கேதீஸ்வரன் வானுக்குப் போய்க் கால்பம்ப்பை எடுத்து வந்தான். தண்ணீரை வெளியே வடியவிட்டுத் தாங்கிக்குக் காற்றடித்தான். மறுபடி தண்ணீர் ஏற்றிப் பொயிலரைப் பற்றவைத்தான். வீடு சூடாகியும் முள் இரண்டைத் தாண்டவில்லை. வெளிக்குழாய் சொட்டவில்லை. மகேசன் கராஜ் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, தரை?"

"தரையில ஒண்டும் இல்லை அண்ணை. எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ சொன்னீர்?"

"ஓம். திருத்திப்போட்டால் பிறகு நீங்கள் கூப்பிட மாட்டியள்."

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் நல்லது. மகேசன் கராஜ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"பொழுதுபட ஒரு மணித்தியாலம்தான் நான் இந்தப் பொயிலரைப் போடுறனான். கூடச் சூடாக்கினால் கீழ குழாய் வெடிச்சிடும் எண்டு பயம். இந்த மாரி முழுக்க ஜக்கெட்டோடதான் படுத்தனான்."

கேதீஸ்வரன் குனிந்து கால்பம்ப்பின் குழாயைச் சுருட்டினான்.

"சும்மா வந்திருக்கலாமே ஐசே," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "நானும் இங்க தனியத்தானே கிடந்தனான்."

வேலை இல்லாமலும் ஒருவர் வீட்டுக்குப் போகலாம் என்பது, இந்த ஊருக்கு வந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவனுக்குத் தோன்றியதில்லை.