கூலன்ட் எங்கே போகிறது

மூன்றாவது தடவையாகக் கார் கொதித்து நடுத்தெருவில் நின்றபோது நர்ஸுக்குப் பதற்றம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. முதல் இரண்டு தடவையும் தன் மேலேயே சந்தேகப்பட்டிருந்தாள். இந்தத் தடவை அப்படியில்லை. காலையில் கிளம்பும் முன் இன்ஜின் பக்கத்து டப்பாவின் மேல்கோடு வரை, இன்ஜினைக் குளிர வைக்கிற பச்சைக் கூலன்ட்டை அவளே ஊற்றியிருந்தாள். பதினொரு மணிக்குள் பாதிக்கு மேல் காணோம்.

வீடு வீடாகப் போய் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஏழு வீடு. அன்று மூன்றாவது வீட்டுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். கால் புண்ணோடு படுத்திருக்கும் லாரி டிரைவரின் வீடு. அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கட்டு நனைஞ்சு நாத்தம் வந்துடுச்சு. நாங்களே மாத்திட்டோம். இனிமே வேற ஆளை அனுப்பச் சொல்லி உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன்."

சாயங்காலமே ஆபீஸிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது.

நர்ஸின் கணவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். தெருவே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான்.

"சூடு காட்டுற ஊசி மேல ஏறுதான்னு பாத்து ஓட்டணும். ஊருக்கே சொல்லிக் குடுக்கறேன், என் வீட்ல ஒருத்திக்கு மண்டையில ஏறல."

மறுநாள் காலையில் அவனே மெக்கானிக்கிடம் கூட்டிப்போனான். ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் நின்றிருந்தார்கள். மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வண்டிக்கும் தாகம் எடுக்கும்னு இவளுக்குத் தோணவே தோணாது" என்றான். நாலு பேரும் சிரித்தார்கள். மெக்கானிக் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"கீழ ஒரு சொட்டு கூட இல்லக்கா. ஒழுகாத வண்டியில எப்படிக் குறையும்? ஊத்த மறந்திருப்பீங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

நோயாளிக்கு உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று எழுதி வைப்பது அவளுக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். உள்ளே போனது எங்கேயாவது வெளியே வந்தே ஆக வேண்டும். மருந்துப் பையிலிருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இன்ஜின் ஆறியிருக்கும்போது டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டாள். வண்டிக்கு அடியில் பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டியை விரித்தாள். காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது. ரேடியேட்டரிலும் ரப்பர் குழாய்களிலும் விரல் வைத்துத் தடவினாள். ஈரமில்லை, உப்புப் பூத்த வெள்ளைக் கறையும் இல்லை. ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாகத்தான் இருந்தது. கூலன்ட் இன்ஜினுக்குள் எரிந்தால் வருகிற வெள்ளைப் புகையும் புகைக்குழாயில் இல்லை.

மூன்று நாள் ஓட்டினாள். கோடு மூன்று விரல் இறங்கியிருந்தது.

நாலாம் நாள், பக்கத்து சீட்டில் வைத்திருந்த பஞ்சுப் பொட்டலம் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்கு இனிப்பாக ஒரு வாசனை அடித்தது. சர்க்கரை முற்றின நோயாளியின் மூச்சில் வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி. கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் ஊறிப் போயிருந்தது. சில வாரமாகவே அங்கே ஈரம் இருந்தது அவளுக்குத் தெரியும். "ஏசி தண்ணி. இல்லேன்னா உன் பாட்டில் கவுந்திருக்கும்" என்று மாஸ்டர் சொல்லியிருந்தான். அவளும் நம்பியிருந்தாள். அதை நினைத்தபோது காது மடல் வரை சுட்டது.

புண்ணுக்கு வைக்கிற வெள்ளைத் துணி ஒன்றைப் பிரித்து கார்ப்பெட்டில் அழுத்தினாள். எடுத்தபோது பச்சையாக இருந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. காலையில் காரின் முன்கண்ணாடி உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்குவது எதனால் என்று இப்போது விளங்கியது. வண்டி வெளியே ஒழுகவில்லை. உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அவனுக்கு போனில், "ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவன் வந்தபோது மெக்கானிக்கின் மேஜையில் அந்தத் துணி விரித்துக் கிடந்தது.

"ஏசி தண்ணி பச்சையா வருமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

அவன் துணியை முகர்ந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது. "வராதுக்கா. இது ஹீட்டர். டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு. இன்ஜின்லேருந்து சூடான கூலன்ட் ரெண்டு குழாய்ல அங்க வந்து திரும்பும். நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. என் தப்புதான்."

ரேடியேட்டர் வாயில் மூடிக்குப் பதில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினான். பம்பின் முள் ஏறி நின்று, பிறகு மெல்ல இறங்கியது. அவள் அதற்குள் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தாள். ஸ்ஸ் என்று சத்தம். ஒரு குழாய் முனையில் பச்சைச் சொட்டு கட்டி விழுந்தது.

"கிளிப் இருக்க வேண்டிய எடத்துல என்னமோ கம்பி சுத்தியிருக்கு" என்றாள்.

மெக்கானிக் கையை விட்டுத் தடவினான். "கட்டுக்கம்பி. இது என் வேலை இல்லக்கா. சத்தியமா நான் இப்படிக் கட்ட மாட்டேன். இந்த டேஷ்போர்டுப் பலகையை யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்குப் புதுப் பாட்டுப்பெட்டியை அவன் தன் கையாலேயே மாட்டி மூன்று மாசம் ஆகவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை பூராவும் அந்தப் பலகை வெளியேதான் கிடந்தது.

"வயரை இழுக்கும்போது கிளிப் உடைஞ்சுடுச்சு" என்றான். "அப்போதைக்குக் கட்டி வச்சேன். அப்புறம் மாத்திக்கலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்."

"முதல் தடவை வண்டி கொதிச்சப்ப ஞாபகம் வரலையா?"

அவன் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தான்.

"வந்துச்சு. அப்படித்தானே?"

"சந்தேகமாதான் இருந்துச்சு. உறுதியாத் தெரியாம எப்படிச் சொல்றது?"

"என்னைக் குத்தம் சொல்றதுக்கு மட்டும் உறுதி தேவைப்படல."

அவள் குரல் உயரவே இல்லை. மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுவது போல உள்ளே போய்விட்டான்.

புதுக் கிளிப் மாட்ட இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி அழுத்தம் ஏற்றியபோது முள் அசையாமல் நின்றது. அங்கேயே வைத்து மாஸ்டரை அவள் தன் ஆபீஸுக்குப் போன் போட வைத்தாள். வண்டியைக் கெடுத்தது தான்தான், மனைவி மேல் தவறில்லை என்று அவன் முழுங்கி முழுங்கிச் சொன்னான். சூப்பர்வைசர் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் லாரி டிரைவர் வீட்டுக்கு வேறு நர்ஸ் போய்வர ஆரம்பித்தாகிவிட்டது, அதை மாற்ற முடியாது என்றார். ஐந்து மாசமாக அந்தப் புண்ணை விரற்கடை விரற்கடையாக மூட வைத்தவள் அவள். தோல் சேர இன்னும் பத்து நாள்தான் பாக்கி இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மாஸ்டர், "தப்புதான். விட்டுடு" என்றான்.

"நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். விடறதும் விடாததும் என் இஷ்டம். இப்ப எனக்கு ஆத்திரமா இருக்கு. சாப்பிட்டா போயிடும், தூங்கினா போயிடும்னு நினைக்காதீங்க."

மறுநாள் வாசலில் உட்கார்ந்து அவன் கார்ப்பெட்டைத் தேய்த்தான். மூன்று வாளித் தண்ணீர் ஊற்றியும் பச்சை போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நின்று, "என்ன மாஸ்டர், ஏசி ஒழுகுதா?" என்று கேட்டார்.

"ஆமா, ஏசி..." என்று ஆரம்பித்தவன் தலையைத் தூக்கினான். அவள் மருந்துப் பையோடு கதவருகே நின்றிருந்தாள்.

"இல்ல சார்" என்றான். "நான் அரைகுறையாக் கட்டி வச்சது. பழியை இவ மேல போட்டுட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர் மெல்ல நகர்ந்துவிட்டார். அவள் பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, கார்ப்பெட் இல்லாத வெறும் தகரத்தோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.