நெற்றியைத் துடைத்த கை

லண்டனிலிருந்து நான் வந்தது அருவி பார்க்க அல்ல, தங்கச்சி தவமணியிடம் ஒரு கையெழுத்து வாங்க. அவள் புருஷன் ஆறுமுகநாதன் கந்தோர் அனுப்பிய வேலையாகக் கொழும்புக்குப் போனவர். காணாமல்போய் இரண்டு வருஷம். மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் விதவைப் பென்ஷனாவது வரும். அவளோ, "அவர் செத்துட்டாருன்னு நானே எழுதிக் குடுக்கவா?" என்று ஒரே பிடியாக நின்றாள். தினமும் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பொறுமைசாலி இல்லை.

வெளியே கூட்டிப்போனால் மனசு இளகும் என்று மாத்தளையில் ரவூப் நானாவின் வேனைப் பிடித்தேன். சேரா எல்ல போவதாக ஏற்பாடு. அந்த அருவிக்குப் பின்னால் பாறைக்குகை இருக்கிறது; கொட்டுகிற தண்ணீருக்கு உள்பக்கம் போய் நின்று பார்க்கலாம்.

ரத்தோட்டை தாண்டியதும் ரவூப் நானா வேகத்தைக் குறைத்தார். "அக்கா, முன்னுக்கு செக் பொயின்ட். பொட்ட அழிச்சிருங்க. பொட்டக் கண்டா தமிழாளுன்னு வீணா இறக்கி வெச்சு கேள்வி கேப்பானுங்க."

சண்டை நடந்த அந்த 2007இல் நம் பெண்கள் எல்லாரும் செய்ததுதான். என் ஒட்டுப்பொட்டை உரித்துக் கைப்பைக்குள் ஒட்டினேன். தவமணி அசையவில்லை.

"அழிடி."

"மாட்டேன்க்கா. அவர் இருக்காரு."

"இருக்காரு, கிழிச்சாரு! ரெண்டு வருஷமா எங்க இருக்காராம்?"

அவள் தலையை இழுத்துப் பிடித்து, கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். அவள் தடுக்கவில்லை. தோல் சிவந்துபோனது.

காவலுக்கு நின்ற ஆமிக்காரன் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான். எங்களை எட்டிக்கூடப் பார்க்காமல் கையாட்டி அனுப்பிவிட்டான். அடப்பாவி, இதற்காகவா!

குகைக்குள் அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் நெற்றியோடு அவளை நான் பார்ப்பது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "மன்னிச்சுக்கடி" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் கேட்டிருக்காது.

வெளியே வந்ததும் என் பொட்டை எடுத்து நீட்டினேன். "இந்தா, வெச்சுக்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊர் ஆயிரம் சொல்லட்டும், நம்ம ஆளுங்க நம்புறாங்கன்னுதான் வெச்சிருந்தேன். நீங்களே அழிச்ச பிறகு யாருக்கு வெக்கிறது? அந்த ஃபோமைக் குடுங்க."

"வேணாம்டி. பிறகு பாத்துக்கலாம்."

என் பையைத் திறந்து அவளே எடுத்தாள். பாறைமேல் உட்கார்ந்து, மடியில் வைத்து நிரப்பினாள். பெயர், விலாசம், எல்லாம் அவளுடைய அழகான கையெழுத்தில். எதற்காக வந்தேனோ அது நடந்துகொண்டிருந்தது. பேனையைப் பிடுங்கி ஆற்றில் எறியலாம் போல இருந்தது எனக்கு.

'உறவு' என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுத ஆரம்பித்தவள் நிறுத்தினாள். நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டாள்:

"விதவைன்னு எழுதணுமாக்கா?"