கம்பிக்கட்டுக்குக் கீழே

கட்டட வேலையிடத்தில் எல்லாரும் அவரைப் பட்டாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர், இப்போது கிரேன் ஓட்டினார். கடைசிப் போர்முகாமில், குப்பையும் பழைய எண்ணெயும் ஓயாமல் எரிந்த குழிக்குப் பக்கத்திலேயே ஏழு மாதம் படுத்து எழுந்தவர். திரும்பி வந்ததிலிருந்து மூட்டுவலி, மறதி, திடீர் காய்ச்சல், கை மரத்துப்போவது என்று ஒன்று மாற்றி ஒன்று. முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு நான்கு வருடத்தில் இருபது தடவை நடந்துவிட்டார். ரத்தம், ஸ்கேன், நரம்புச் சோதனை, எதிலும் ஒன்றும் இல்லை. உங்கள் ஃபைலைத் தலைக்கு வைத்துத் தூங்கலாம் என்று மனைவி கேலி செய்வாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு டன் கம்பிக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது வலது கை கைப்பிடியை விட மறுத்தது. விரல்கள் இறுகிப்போய், வேறு யாருடைய கையோ போல இருந்தன. கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே நான்கு பேர். அதில் மஞ்சள் தொப்பி போட்டிருந்தவன் அவருடைய மச்சினன். இடது முழங்கையால், கிரேனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினார். கட்டு, மஞ்சள் தொப்பிக்கு ஒரு முழம் மேலே நின்று ஆடியது.

கை உயிர் பெறக் கால்மணி நேரம் ஆனது. இறங்கி வந்து, கைப்பிடி சிக்கிக்கொண்டது என்று இன்ஜினியரிடம் பொய் சொன்னார். மெக்கானிக் ஏறிப் பார்த்துவிட்டு, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்றான். இதே வார்த்தையைத்தான் மருத்துவமனையில் அவர் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார். சீட்டு எழுதுபவர் ஃபைலைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தாமலே, வாங்க, நீங்கதானா என்றார். டாக்டரம்மா புதிது. ஃபைலைப் புரட்டி, எல்லாம் நார்மல், வேலைக்குத் தகுதி என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

"நான் மேல உக்காந்து கம்பி இறக்குறேன். நீங்க கீழ வந்து நிப்பீங்களாம்மா?" என்று கேட்டார் பட்டாளம்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். நேற்று நடந்ததை முழுசாகச் சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என்ன வியாதின்னு எனக்குத் தெரியல. ஆனா வியாதி இருக்கு. அப்படியே எழுதுறேன். இனிமே நீங்க மேல ஏறக் கூடாது."

அந்தத் தாளோடு போய் இன்ஜினியரிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் தரைக்கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது.

மச்சினனிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. தன் கைதான் இறுகிப்போனது என்று சொன்னதும், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"மறுபடியும் வருமா மாமா?"

"தெரியலடா."

அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவரும் பார்த்தார்.